அவர் சொல்லவே இல்லை

உர்சுலா வீட்டுக் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடும்பங்கள் நிறைந்திருந்த காலத்தில் கட்டிய பழைய அடுக்குமாடி அது. அவள் வீடு ஏழாவது மாடியில். ஜன்னல்கள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கிற இரும்புச் சட்டங்கள். விரிசல் தெரியாதபடி திரைச்சீலையை ஒரு பக்கமாக இழுத்துவிட்டே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்பியக் கூட்டம் இந்த முறை அவள் வீட்டில் என்று முடிவானதும்தான் அந்த விரிசல் அவள் கண்ணை உறுத்தத் தொடங்கியது. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லும் கூட்டம் அது. ஜெபம் முடிந்து தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கும் நேரத்தில், யார் வீட்டில் என்ன புதுசு, எது உடைசல் என்பதெல்லாம் எல்லார் கண்ணிலும் பட்டுவிடும்.

"கீழ கேட்டுகிட்ட கார்டு ஹவுஸ் போர்டுல நம்பர் இருக்கே, அந்த கிளாஸ்காரரைக் கூப்பிடு லா," என்றாள் பிரெண்டா. மூன்றாவது மாடிக்காரி. கட்டடக் கமிட்டிக்கு அவள்தான் செயலாளர். அன்பியத்தையும் அவள்தான் நடத்துகிறாள். "திருச்செல்வம்னு பேரு. பூச்சோங்ல இருந்து வருவாரு. நம்ம பிளாக்ல பாதி வீட்டுக்கு அவருதான் கண்ணாடி போட்டது. நல்ல மனுசன்."

கூட்டம் நடக்கிற அன்றைக்குக் காலையில்தான் திருச்செல்வத்துக்கு நேரம் ஒழிந்தது. ஐம்பத்தைந்து தாண்டிய மனிதர். மெலிந்த உடம்பு, முழங்கைவரை மூடிய சட்டை. கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோல் அணைத்துக்கொண்டு லிஃப்டிலிருந்து வந்தார். விரிசல் விட்ட கண்ணாடியை எடுத்துவிட்டு, இரும்புச் சட்டத்தில் கல்லாக இறுகிக் கிடந்த பழைய பூச்சை உளியால் நெடுநேரம் சுரண்டினார். துருவைத் தேய்த்தார். சிலிக்கான் பசையைக் கோடு பிசகாமல் இழுத்து, கண்ணாடியை அதில் பதித்து, அசையாமலிருக்க உள்ளேயும் வெளியேயும் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார்.

உர்சுலா கிளினிக் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள். காதில் போன். கிள்ளானில் இருக்கும் அக்காளோடு பேச்சு. வேலை முடிந்து அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"அக்கா, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் அந்த ஜன்னலத் தொறக்காதீங்க. சிலிக்கான் காயணும். டேப்பையும் எடுக்காதீங்க, நானே வந்து எடுக்கறேன்."

"ஆங், சரி அண்ணே."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு தடவை திரும்பினார். "தொறக்காதீங்க, என்ன? இப்பல்லாம் சாயங்காலமானா காத்து வேற கண்டபடி அடிக்குது."

"தெரியும் அண்ணே, தெரியும்," என்று சிரித்தபடி கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் வீட்டைக் கூட்டித் துடைத்து, மாதா சுரூபத்துக்குப் பூ வைத்து, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவிட்டு நின்று பார்த்தாள். எல்லாம் அழகாக இருந்தது, ஜன்னலைத் தவிர. காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல் டேப். புதுக் கண்ணாடி போட்டும் வீடு ஒட்டுப் போட்ட வீடாகத் தெரிந்தது. கிட்டப் போய் ஓரத்துச் சிலிக்கானை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. இனி என்ன என்று நினைத்து உள்பக்கத்து டேப்பை உரித்தாள். பிறகு ஜன்னலைச் சற்றே திறந்து, கையை வெளியே விட்டு வெளிப்பக்கத்து டேப்பையும் உரித்தாள். மிளகாய்ச் சம்பல் வதக்கிய நெடி வீடெங்கும் நின்றது. ஆட்கள் வந்தால் இருமித் தொலைப்பார்கள். எனவே திறந்த ஜன்னலை அப்படியே விட்டுவிட்டாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். "அருள் நிறைந்த மரியே" என்று ஒரே குரலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது மழைக்கு முந்திய காற்று கிளம்பியது. திரைச்சீலை உப்பியது. ஜன்னல் சட்டம் ஒரு தடவை வெளியே ஓடிப் போய், படாரென்று திரும்பி வந்து அறைந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சட்டம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெண்பிள்ளையின் அலறல்.

ரோனி, அவள் புருசன், ஜெபமாலையோடு படியிறங்கி ஓடினான். மற்றவர்கள் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். உர்சுலா நாற்காலியிலிருந்து எழவில்லை.

"அலாமாக்! யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்று பிரெண்டா மார்பில் கைவைத்தாள். "அந்தப் பிள்ள டியூஷன் விட்டு வந்திருக்கு. ரெண்டு எட்டு முன்னால வச்சிருந்தா தலையிலதான். ஐயோ, சேசுவே!" பிறகு திரும்பினாள். "உர்சுலா, இன்னைக்குப் போட்ட கண்ணாடிதானே? தொறக்கக் கூடாதுன்னு அவரு சொல்லலியா?"

எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. கையில் ஜெபமாலை. சொல்லிக்கொண்டிருந்த மணியை விரல் இன்னும் விட்டிருக்கவில்லை.

"இல்ல," என்றாள் உர்சுலா. "அவர் ஒண்ணும் சொல்லவே இல்ல."

அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. சுடுபாத்திரத்திலிருந்து கை தானாக விலகுமே, அப்படி வாய் தானாக விலகிக்கொண்டது. சொன்ன மறுகணமே, 'இல்ல, சொன்னாரு, நான்தான்...' என்று திருத்தியிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் பிரெண்டா, "பாத்தியா, பெரிய வேலக்காரர்னு நாமதான் தூக்கிவச்சுப் பேசறோம்," என்று சொல்லிவிட்டாள். இன்னொரு அம்மா, "இவங்க எல்லாம் அவசர அவசரமா முடிச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடறவங்க," என்றாள். யாரோ உர்சுலாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து முதுகைத் தடவினார்கள். அதற்கப்புறம் திருத்த அவளால் முடியவில்லை.

ரோனி கீழேயிருந்தே திருச்செல்வத்துக்குப் போன் போட்டான். கார்டு ஹவுஸ் முன்னால் நின்று அவன் கத்தியது ஏழாவது மாடிவரை கேட்டது.

மறுநாள் பொழுது விடிந்ததும் திருச்செல்வம் அவளுக்கே போன் செய்தார்.

"அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே?"

"ஆகல அண்ணே."

"கடவுள் புண்ணியம்." பிறகு தயங்கியபடி கேட்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. தொறக்காதீங்கன்னு நான் சொன்னேன்ல? அடுப்படிகிட்ட நின்னு?"

அடுத்த அறையில் ரோனி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். உர்சுலா போனை இன்னும் நெருக்கமாகக் காதோடு அழுத்தினாள்.

"இல்லண்ணே. சொல்லலை."

"சொல்லலியா?"

"இல்ல."

முதல் நாள் சொன்னது பதற்றத்தில் வந்த பொய். இது அப்படியில்லை. இரவெல்லாம் படுக்கையில் புரண்டு, இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, பதிலை எடுத்து வைத்திருந்தாள்.

"சொன்னேன்னுதான் நெனச்சேன்," என்றார் திருச்செல்வம் மெதுவாக. "எல்லா வீட்லயும் சொல்றதாச்சே... உங்க வீட்ல எப்படி விட்டேன்னு தெரியல. மன்னிச்சிருங்கக்கா."

அன்றைக்கே வேறு கண்ணாடி கொண்டுவந்தார். காவலுக்கு நிற்கும் கார்டு அவரைத் தனியாக மேலே விடவில்லை, கூடவே வந்து நின்றான். கைக்காசு போட்டுச் செய்கிற வேலையை அவர் முந்திய நாளைவிட நிதானமாகச் செய்தார். முடித்ததும், ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று உர்சுலாவிடம் சொன்னார். கார்டிடமும் மலாயில் சொன்னார். பிறகு, "நான் இப்ப என்ன சொன்னேன்னு நீங்க ஒரு தடவ சொல்லுங்கக்கா," என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் அவள் அதைத் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் கார்டு ஹவுஸ் போர்டிலிருந்து அவர் நம்பரை எடுத்துவிட்டார்கள். குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப்பில் பிரெண்டா அவர் பெயரையும் அவர் கண்ணாடி ஏற்றிவரும் லோரியின் நம்பரையும் போட்டு, இவரை யாரும் கூப்பிட வேண்டாம் என்று எழுதினாள். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். உர்சுலாவும் ஒன்று போட்டாள். போடாவிட்டால் யாராவது ஏனென்று கேட்பார்கள் என்று பயம்.

கிட்டத்தட்ட ஒரு வருசம் ஓடியது. ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் போன் பேச்சு நினைவுக்கு வரும், பிறகு போய்விடும். போகப்போக அது தங்கும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. அப்படியே மறந்தும் போயிருப்பாள்.

ஒரு காலைநேரம். அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் நல்ல கூட்டம். கவுண்டரில் ஒரு அம்மாள் அடையாள அட்டையை நீட்டினார். ஒரு ஆம்பிளையின் படம் போட்ட அட்டை. உர்சுலா பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கிய பிறகுதான் விரல்கள் நின்றன. திருச்செல்வம்.

"வீட்டுக்காரருக்குத்தான்," என்றார் அந்த அம்மாள். பளிச்சென்ற முகம், நெற்றி நிறைய குங்குமம். "டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு. மூள செக் பண்ண."

"என்ன... என்ன உடம்புக்கு?"

"மறதிக்கா." அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டு கவுண்டரில் சாய்ந்தார். "போன வருசம் ஒரு வீட்ல கண்ணாடி மாட்டிட்டு, தொறக்காதீங்கன்னு சொல்ல மறந்துட்டு வந்துட்டாரு. மேலேருந்து விழுந்து, ஒரு பிள்ள மயிரிழையில தப்பிச்சிருக்கு. இவரு என்னடான்னா சொன்னேன், சொன்னேன், நல்லா ஞாபகம் இருக்குங்கறாரு. சொல்லாதத சொன்னதா நெனச்சுக்கறாரு பாருங்க, அதான் பயம். இவரோட அண்ணன் சின்னையாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. கடைசியில பெத்த மகளையே யாருன்னு கேட்டாரு."

உர்சுலா தலையை ஆட்டினாள்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த திருச்செல்வம் எழுந்து வந்தார். முன்பிருந்ததைவிட இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மலர், இந்த அக்கா வீடுதான்," என்றார்.

மலரின் கைகள் கவுண்டரைத் தாண்டி வந்து உர்சுலாவின் கையைப் பிடித்துக்கொண்டன. "அக்கா, மன்னிச்சிருங்கக்கா. வேணும்னு செய்யலக்கா அவரு. இப்ப வேலைக்கே அனுப்பறதில்ல. உங்களுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்!"

"பரவாயில்ல," என்றாள் உர்சுலா. பின்னால் நின்றவர்களுக்காக நகர்ந்துகொள்ளச் சொல்லி, நம்பர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

அந்த வார இறுதியில், அக்காளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினாள். அக்காள் வீட்டுக்குப் போகவில்லை. தன் பங்குக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தால் குரலை வைத்தே ஃபாதர் கண்டுபிடித்துவிடுவார் என்று, தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கோவிலாகத் தேடிப் போனாள். வரிசையில் நிற்கும்போது அதை நினைத்தும் அவமானமாக இருந்தது. பாவத்தைச் சொல்லக்கூட முகம் தெரியாத இடம் தேடுகிறவளாகிவிட்டோமே என்று.

இளவயது ஃபாதர். கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க. அவருகிட்ட?" என்றார்.

"எப்படி ஃபாதர் சொல்றது? எத்தன ஜெபமாலை வேணும்னாலும் சொல்றேன்."

"ஜெபமாலை சொல்லுங்க, நல்லதுதான். ஆனா அதனால அந்த மனுசனுக்கு மறதி இல்லன்னு தெரியாதே அம்மா. அது தெரிஞ்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

திரும்பி வரும் ரயிலில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார இடமிருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

கிளினிக் கம்ப்யூட்டரில் முகவரி இருந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, ரோனியிடம் சொல்லாமல், கிராப் டாக்சி பிடித்து பூச்சோங் போனாள். வரிசை வீடுகளில் நடுவீடு. போர்ட்டிக்கோவில் கண்ணாடி சாய்த்து வைக்கும் மரச்சட்டம் வெறுமனே நின்றது. லோரி இல்லை.

மலர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "உள்ள வாங்கக்கா! கிளினிக்ல இருந்தா? ஆஸ்பத்திரி லெட்டர் வந்திருச்சா?" என்று கேட்டுக்கொண்டே சிராப் சர்பத் கலந்து கொண்டுவந்து முக்காலியில் வைத்தார். திருச்செல்வம் உள்ளறையிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"டாக்டர் சொன்ன மாதிரி தினம் கேக்கறேன்," என்றார் மலர் பெருமையோடு. "ஏங்க, நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னு அக்காகிட்ட சொல்லுங்க."

"விடு மலர்."

"சும்மா சொல்லுங்க. அக்காவும் தெரிஞ்சுக்கட்டும்."

திருச்செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில தோசை, தேங்காச் சட்னி. மத்தியானம் மீன் கறி, கங்கோங் கீரை. சாயங்காலம் ரெண்டு பிஸ்கட்டு."

"பாத்தீங்களா, இன்னைக்குச் சரியா சொல்லிட்டாரு," என்றார் மலர்.

உர்சுலா வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் அன்று தான் எவ்வளவு பயந்துபோனாள் என்று சொல்வது, அப்புறம் பிரெண்டா கேட்ட விதம், அதற்கப்புறம் மெல்ல விசயத்துக்கு வருவது. அவ்வளவும் போய்விட்டது.

"அண்ணே, நீங்க சொன்னீங்க," என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஜன்னலத் தொறக்காதீங்கன்னு சொன்னீங்க. நான் போன் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னு சொன்னீங்க. செருப்பு மாட்டும்போது மறுபடியும் சொன்னீங்க. காத்து கண்டபடி அடிக்குதுன்னீங்க. நான்தான் டேப்ப உரிச்சேன். ஆளுங்க வராங்க, பாக்க அசிங்கமா இருக்குன்னு உரிச்சேன். நான்தான் தொறந்து வச்சேன். எல்லார் முன்னாலயும் பொய் சொன்னேன். நீங்க போன் பண்ணிக் கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

தெருவில் ஐஸ்கிரீம்காரனின் மணி அடித்துக்கொண்டே கடந்து போயிற்று.

திருச்செல்வத்தின் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. கண்கள் விரிந்தன. நாற்காலி நுனிக்கு வந்தார். "காத்துன்னு சொன்னேனா? கண்டபடி அடிக்குதுன்னு?"

"ஆமாண்ணே."

"நீங்க என்ன சொன்னீங்க? 'தெரியும் அண்ணே, தெரியும்'னு சிரிச்சீங்க. சரியா?"

"சரி."

"மலர்!" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பினார். குரல் உடைந்தது. "மலர், நான் சொன்னேன்! சொன்னேன்னு சொன்னேன்ல! இந்தா, அவங்களே சொல்றாங்க பாரு!" பரீட்சையில் தேறிய பையனைப்போல் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புறங்கையால் அதைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

உர்சுலா எதற்கெல்லாமோ தயாராகி வந்திருந்தாள். அவர் திட்டுவார், கையை ஓங்கக்கூடச் செய்வார் என்று நினைத்திருந்தாள். இந்தச் சந்தோசத்துக்கு அவள் தயாராக இல்லை. இந்த மனிதரிடமிருந்து எதைப் பறித்தோம் என்பது, அது திரும்பக் கிடைத்த அந்த நேரத்தில்தான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. தரையில் ஒரு ஓடு பெயர்ந்திருந்தால் அதற்குள் நுழைந்துகொண்டிருப்பாள்.

மலர் சிரிக்கவில்லை. எழுந்து, முக்காலியில் இருந்த சிராப் கிளாஸை எடுத்தார். உர்சுலா அதை இன்னும் தொட்டிருக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அடுப்படி வாசலிலேயே நின்றார்.

"லோரிய வித்தாச்சு. தெரியுமா?" என்றார். அக்கா என்ற சொல் போய்விட்டது. "அவரு வேணாம்னாரு. நான்தான் வித்தேன். மறந்துபோயி எங்கயாச்சும் இடிச்சிடுவாருன்னு சாவியப் புடுங்கி வித்தேன். சாமான எல்லாம் கூட வேல செஞ்ச ஜீவனுக்குக் குடுத்தோம். தெனம் காலையில இந்த மனுசன உக்கார வச்சு, நேத்து என்ன தின்ன, முந்தாநாளு என்ன தின்னன்னு கேட்டேன். முப்பது வருசம் வாழ்ந்த புருசன நம்பல. முன்னபின்ன தெரியாத உங்கள நம்பினேன்."

"நான் எப்படி இத..."

"எதுவும் செய்ய முடியாது. அதச் சொல்லாதீங்க." மலர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "அந்த குரூப்புல அவரு பேரப் போட்டாங்களே, அதுல சொல்வீங்களா?"

"வேணாம் மலர்," என்று திருச்செல்வம் குறுக்கே பேசினார். "வீடு தேடி வந்து சொல்லிட்டாங்க. நாலு பேரு முன்னால அவங்க பேரு கெட்டுப்போவும்."

"கெட்டுப்போவட்டும்," என்றார் மலர்.

"சொல்றேன்," என்றாள் உர்சுலா.

அன்று மாலை முதலில் ரோனியிடம் சொன்னாள். அவன் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும், "அந்த ஆள அன்னைக்குக் கார்டு முன்னால என்னென்ன வார்த்த சொன்னேன் தெரியுமா உனக்கு?" என்றான். "அவங்க அம்மாவ இழுத்துப் பேசினேன். உனக்காகப் பேசினேன்." எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

பிரெண்டாவிடம் நேரில் போய்ச் சொன்னாள். பிரெண்டா காதில் வாங்கவே விரும்பவில்லை. "ஐயோ, முடிஞ்சுபோன கதைய இப்ப எதுக்குக் கிளப்பற? நான்தானே போஸ்ட் போட்டேன்? எம் பேருமில்ல சேந்து நாறும்? சும்மா அவரு நம்பர போர்டுல திரும்ப ஒட்டிடறேன் லா. யாரும் கேக்கமாட்டாங்க."

அது எவ்வளவு வசதியான வழி என்று உர்சுலாவுக்குத் தெரிந்தது. ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து, எழுதினால் வார்த்தையை மாற்றி மாற்றி மழுப்பிவிடுவோம் என்று பயந்து, குரலிலேயே பதிவு செய்து குரூப்பில் போட்டாள். பெயர், வீட்டு நம்பர், டேப்பை உரித்தது, பொய் சொன்னது, திருச்செல்வம் சொன்ன எச்சரிக்கை, எல்லாம். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எடுத்துப் பார்க்கும்போது பலர் கேட்டிருந்தார்கள். பதிலில்லை. கடைசியில் ஒரே ஒரு செய்தி. அந்த டியூஷன் பிள்ளையின் தாய் எழுதியிருந்தாள்: "அன்றைக்கு என் மகள் செத்திருப்பாள்." அவ்வளவுதான். அதற்கு உர்சுலா என்ன எழுதுவது? எழுதினாள், அழித்தாள். மறுநாள் அந்த வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டாள். பாதி திறந்த கதவு முழுதாகத் திறக்கவில்லை.

அன்பியத்தில் அவளை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் வீட்டு முறை வந்தபோது மட்டும், என்ன காரணத்தாலோ, வேறு ஒரு வீட்டுக்குப் போயிற்று. லிஃப்டில் ஏறினால் நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றது. இதையெல்லாம் அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். தனியாக மென்று விழுங்கிய வெட்கத்தைவிட இது தாங்கக்கூடியதாக இருந்ததை மட்டும் அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

ரோனி ஒருநாள் வேலை முடிந்து நேராக பூச்சோங் போய்விட்டு வந்தான். அங்கே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திருச்செல்வம் ஜீவனோடு கூட்டாக, ஜீவனின் லோரியில் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறார் என்பதை மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரியில் சோதனை செய்ததில் மூளையில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னான். போர்டில் நம்பர் திரும்ப ஏறியது. அவர்கள் பிளாக்குக்கும் அவர் வந்துபோனார். கார்பார்க்கில் எதிர்ப்பட்டால், "வேலைக்கா அக்கா?" என்று கேட்பார். அவளும் "ஆமாண்ணே" என்பாள். நின்று பேசுவதில்லை.

மலரை அவள் மறுபடி பார்த்தது மழைக்காலத்தில். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க இருமலும் சளியுமாக இருந்த சமயம். கிளினிக்கில் கூடவேலை பார்க்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். கவுண்டரில் உர்சுலா மட்டும். கதவைத் திறந்துகொண்டு வந்த மலர் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு வந்து அடையாள அட்டையை வைத்தார்.

"என்ன உடம்புக்கு?"

"இருமல்."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு தூரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, மருந்து வாங்கக் கவுண்டருக்கு வந்தார். உர்சுலா ஒவ்வொரு மருந்தாக எடுத்து வைத்து, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று சொன்னாள். மலர் எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டார். போகவில்லை.

"உங்க வீட்டுக்காரரு வந்தப்ப அழுதாரு," என்றார். "எங்க போர்ட்டிக்கோவுல நின்னு, சின்னப் பிள்ள மாதிரி."

உர்சுலாவுக்கு அது புதுச் செய்தி. ரோனி அழுது அவள் பார்த்ததே இல்லை.

"நீங்க அன்னைக்கு அழல," என்றார் மலர்.

"இல்ல."

"நல்லதுதான். அழுதிருந்தா நான் பாவம் பாத்திருப்பேன். பாவம் பாக்க எனக்கு இஷ்டமில்ல."

அதில் கோபம்கூட இல்லை. கணக்கு ஒன்றைச் சரிபார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். உர்சுலா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனிய வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் இந்த அம்மாளுக்குக் காட்ட மிச்சமிருக்கிற ஒரே மரியாதை நிமிர்ந்து நின்று கேட்பதுதான் என்று தோன்றியது.

"இருமல் மருந்து தூக்கம் வரும்," என்றாள். "ராத்திரிக்கு மட்டும் குடிங்க."

"சரி," என்றார் மலர். குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

வரிசையில் அடுத்து நின்றவர் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். உர்சுலா அதை வாங்கினாள்.